‘பசுமை’ ஆடை என்று ஏமாற்றினால் எங்கே புகார் செய்வது?

சட்டையில் தொங்கும் அட்டையில் ஒரு பச்சை இலை, கீழே ‘பூமிக்கு நல்லது’ என்ற வாசகம். காலருக்குள் தைத்திருக்கும் துணிச்சீட்டிலோ ‘பாலியஸ்டர் 100%’. அட்டையை நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் கடையில் கேட்டால், “கம்பெனியில் கேளுங்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இதற்கு விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ‘பசுமை’, ‘ஆர்கானிக்’, ‘இயற்கையானது’ என்றெல்லாம் போட்டால் ஆதாரம் இருக்க வேண்டும். அந்தப் பெருமை முழு ஆடைக்கா, ஒரு பகுதிக்கா, வெறும் உறைக்கா என்பதையும் சொல்ல வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: நிறுவனம் தன்னைப் பற்றிப் பொதுவாக அளப்பது இந்த விதிக்குள் வராது. ‘சுற்றுச்சூழலைக் காத்து வளர்வதே எங்கள் கொள்கை’ என்று கடைச் சுவரில் எழுதியிருப்பதைப் படமெடுத்து அனுப்பிப் பயனில்லை. நீங்கள் வாங்கிய பொருளைப் பற்றிய வாசகம் வேண்டும். அட்டை, உள்சீட்டு, ரசீது மூன்றையும் படமெடுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பக்கத்தையும் உடனே சேமியுங்கள். புகார் போனதும் வாசகம் மாறிவிடலாம்.

அடுத்தது 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான இது, புகாரை நிறுவனத்துக்கே அனுப்பிப் பதில் கேட்கும். ‘விதிமுறைப்படி பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று நிறுவனம் சொன்னால், புகார் அத்தோடு முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். விளம்பரம் மட்டும் அப்படியே ஓடும். உதவி எண்ணுக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

விளம்பரத்தை நிறுத்தவைக்கும் அதிகாரம் மத்திய ஆணையத்துக்கு உண்டு. முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு வராது. உங்கள் தனிப்பட்ட இழப்பீட்டை அது தீர்த்துவைக்காது. மனுவில் உங்கள் சட்டையைப் பற்றி மட்டும் புலம்பாமல், இதே அட்டையைப் பார்த்துப் பலரும் ஏமாறுகிறார்கள் என்று எழுதுங்கள். மாவட்ட ஆட்சியரிடமும் இந்த மனுவைக் கொடுக்கலாம். அங்கே ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று கைவிரித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17 என்று மனுவின் தலைப்பிலேயே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழி உறுதி எதற்கும் உதவாது.

உங்கள் பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். “மும்பைக்குப் போங்கள்” என்பதை நம்பாதீர்கள். துணி தரமில்லை என்று எழுதினால் பரிசோதனைக்கூடம், அறிக்கை, வாய்தா என்று இழுக்கும். தவறான விளம்பரம், முறையற்ற வணிகம் என்றே எழுதுங்கள். சட்டப்படி மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும். நடைமுறையில் அதை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

மறுவிற்பனைக்காக மொத்தமாக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். மற்றவர்களுக்குக் கெடு இரண்டு ஆண்டுகள். கடைக்காரர் ‘பார்க்கலாம்’ என்று நாள் கடத்தினால், அந்த நாட்களும் இந்தக் கெடுவில்தான் கழியும்.