ஊரில் வீடு, பிழைப்பு வெளி மாநிலத்தில்: விற்பதற்கு முன் கொஞ்சம் பேப்பர் பேசுவோம்

மே விடுமுறையும் பொங்கலும் வந்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சொத்து வேலை பார்க்கும் வழக்கறிஞர்களுக்குப் போன் ஓயாது. "சார், பத்து நாள் லீவுல வந்திருக்கேன். போறதுக்குள்ள வீட்டை முடிச்சுக் கொடுத்துட்டுப் போகணும்." பேசுபவர் புனேவிலோ சூரத்திலோ பெங்களூரிலோ இருப்பார். அப்பா அம்மா காலமாகி வீடு பூட்டிக் கிடக்கும். அல்லது மகனின் காலேஜ் சீட்டுக்குப் பணம் வேண்டியிருக்கும். அவசரப்படுவதில் தப்பில்லை. ஆனால் அவர் முதலில் தேடுவது வாங்கும் ஆளை. நான் முதலில் கேட்பது பேப்பரை.

வாங்கும் ஆள் கிடைப்பது இந்தப் பக்கம் பெரிய விஷயமே இல்லை. ஓசூரும் பெங்களூரும் பக்கத்தில் இருப்பதால் நல்ல இடத்தில் இருக்கும் வீட்டுக்கு எப்போதும் கேட்பார் உண்டு. சிக்கல் வேறு. நியாயமான விலை தருபவர் பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்குபவர். வங்கியின் வழக்கறிஞர் பொதுவாக 30 ஆண்டு வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல், பார்ப்பார். தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரம்), பட்டா, வாரிசு சான்று எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்று இடித்தாலும் கடன் நின்றுவிடும். அப்புறம் மிஞ்சுவது கையில் பணம் வைத்திருக்கும் இடைத்தரகர் மட்டுமே. வெளியூர்ப் பார்ட்டி, திரும்பிப் போயாக வேண்டும், பேப்பரும் சரியில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். விலை எங்கே குறைகிறது என்றால் இங்கேதான்.

முதலில் பழைய பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பம் அதில் இருக்கும். சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது 1965 அக்டோபர் 2. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஆகவே தாத்தா வாங்கிய பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றும், அப்பா பெயருக்கு வந்த பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம் என்றும், இன்றைய பட்டாவில் கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் வட்டம் என்றும் இருக்கலாம். மூன்றும் ஒரே வீடுதான். வடநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சார்பதிவக எல்லைகளும் இடையில் மாறியிருந்தால், வில்லங்கத்தை ஒரே அலுவலகத்தில் மட்டும் தேடிவிட்டு சுத்தம் என்று இருந்துவிடக் கூடாது. அதேபோல 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். சர்வேயில் பல இடங்களில் சர்வே எண் மாறியது. பத்திரத்தில் பழைய எண், பட்டாவில் புது எண். இரண்டுக்கும் தொடர்பு காட்டும் பதிவேட்டு நகலைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்தால் வாங்குபவரின் வழக்கறிஞர் கேள்வி கேட்க மாட்டார்.

பிறகு சொத்து விவரம். அங்கே "கிழமேல் இருபுறமும் அடி 30, தென்வடல் இருபுறமும் அடி 45" என்று அளவும், நான்கு எல்லைக்கும் செக்குபந்தியும் எழுதியிருக்கும். வடக்கே இன்னாருடைய மாட்டுக் கொட்டகை, கிழக்கே பொது வழி என்று. நாற்பது வருஷத்துக்கு முன்பு எழுதியது. இன்று அந்தக் கொட்டகை இரண்டு மாடி வீடாகியிருக்கும். அதன் மாடிப்படி உங்கள் பக்கம் இரண்டடி வந்திருக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் பக்கத்து எல்லை நகர்வது இயல்பு, யாரும் கேட்பதில்லையே. நீங்கள் ஊருக்கு வந்த முதல் நாளே டேப்பை எடுத்துக்கொண்டு அளந்து பாருங்கள். வாங்குபவர் அளந்து சொல்லி விலையைக் குறைப்பதற்குப் பதில், நீங்களே பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசித் தீர்ப்பது சுலபம். அவரே வாங்க முன்வருவதும் உண்டு. எனக்குத் தெரிந்து பல விற்பனைகளில் நல்ல விலை கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதை மாற்றாமல் விற்பனைப் பேச்சைத் தொடங்காதீர்கள். பட்டாவை அரசின் இணையதளத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். புனேயில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. வில்லங்கமும் அப்படித்தான்.

வாரிசு விஷயம்தான் நிறைய விற்பனைகளைக் கவிழ்ப்பது. "அக்கா தங்கச்சிக்குக் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சு சார், அவங்க கேட்க மாட்டாங்க" என்பார்கள். கேட்கிறார்களா இல்லையா என்பது வேறு, கையெழுத்து வேண்டும். இந்து குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. பலர் மறந்துவிடும் ஒருவர் உண்டு: அப்பா இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் பாட்டிக்கும் ஒரு பங்கு. அந்தப் பாட்டி பிறகு காலமாகியிருந்தால் அவருடைய பங்கு அத்தைமார்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் சேர்த்துப் போகும். இதை வங்கி வழக்கறிஞர் கண்டுபிடித்துச் சொல்லும்போது அத்தை திருப்பத்தூரில் இருப்பார், பேச்சுவார்த்தை இருக்காது. இறந்த அண்ணனுக்கு மைனர் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பங்கை விற்க மாவட்ட நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். அதைப் பத்து நாளில் வாங்க முடியாது.

அக்கா தங்கைகளிடம் முதலில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு விற்பதா, எல்லோரும் சேர்ந்து கிரயம் கொடுப்பதா என்று கேட்பார்கள். நான் சொல்வது இரண்டாவது. ஒரு பத்திரச் செலவு மிச்சம், பங்கும் அவரவர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போய்விடும். நாளைக்கு "என்னை ஏமாத்தி வாங்கிட்டான்" என்ற பேச்சு எழாது.

வீட்டுக் கடன் கட்டி முடித்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடன் கொடுத்தபோது வங்கி பதிவு செய்த அடமான ஆவணம் வில்லங்கத்தில் நிற்கும். கடன் தீர்ந்ததும் அதற்கு ரசீதுப் பத்திரம் பதிவு செய்தால்தான் அந்தப் பதிவு முடிவுக்கு வரும். கடைசித் தவணை கட்டிய மகிழ்ச்சியில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. மூலப்பத்திரம் இன்னும் வங்கியிலேயே இருந்தால், 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி கடன் தீர்ந்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதத்துக்குக் காரணம் வங்கி என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்தே போயிருந்தால் காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம் என்று ஒரு தனி வேலை. அதை ஆரம்பித்துவிட்டு ஊருக்குத் திரும்புங்கள், அடுத்த லீவுக்கு விற்கலாம்.

இப்போது பவர், அதாவது நமக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம். வெளி மாநிலத்தில் இருப்பவர் விற்பது என்றாலே எல்லோருக்கும் பவர்தான் நினைவுக்கு வருகிறது. பெங்களூரில் இருப்பவருக்கு அது தேவையே இல்லை என்பேன். காலையில் பஸ் ஏறினால் பத்திரப்பதிவு முடித்து இரவு வீட்டுக்குப் போய்விடலாம். சூரத், டெல்லி என்று தூரத்தில் இருப்பவர்களுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும்தான் பவர்.

நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பிய பவரை வைத்து இங்கே கிரயம் பதிய முடியாது. பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி இந்தியாவுக்குள் வசிப்பவர், தான் வசிக்கும் பகுதிப் பதிவு அலுவலர் முன்பு எழுதிக்கொடுத்து அவர் அத்தாட்சி செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அசையாச் சொத்து பவரைப் பதிவு செய்வதும் கட்டாயம். ஊருக்கு எப்படியும் ஒருமுறை வருவீர்கள் என்றால், அப்போது சொத்து இருக்கும் சார்பதிவகத்திலேயே பதிந்துவிட்டுப் போவது தொந்தரவில்லாதது. கிரயத்தன்று உங்கள் உயிர்ச் சான்றும் புதிதாக வேண்டும், ஏனென்றால் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அத்தோடு தீர்ந்தது. குடும்பத்துக்குள் கொடுப்பது செலவும் குறைவு. வெளி ஆளுக்குக் கொடுத்தால் 2023 ஜூலைக்குப் பிறகு சந்தை மதிப்பில் 1 சதவீதம் கட்டணம்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை விட என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். இந்த ஒரு வீட்டை, இந்த விலைக்குக் குறையாமல், இன்னாருக்கு விற்க, பணம் என் இந்தக் கணக்குக்கு மட்டும் வர என்று எழுதலாம். எல்லா அதிகாரத்தையும் மொத்தமாகத் தரும் பொது பவர் வேண்டாம். புரோக்கர்கள் ஒரு வழி சொல்வார்கள்: "உங்களுக்கு வேண்டிய தொகையை இப்பவே கொடுத்துடறேன், பவர் போட்டுக் கொடுத்துட்டு நிம்மதியா போங்க." சூரத்தில் இருக்கும் போச்சம்பள்ளி பக்கத்துக்காரர் ஒருவர் அப்படித்தான் நிம்மதியாகப் போனார். கொடுத்த தொகையை விட நல்ல லாபத்துக்கு அந்தப் புரோக்கர் வீட்டை விற்றார். பத்திரத்தில் விற்றவர் என்று இருப்பது சூரத்தில் இருப்பவரின் பெயரும் பான் எண்ணும். வருமான வரி நோட்டீஸ் முழுத் தொகைக்கும் அவருக்கு வந்தது. பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஆகவே அப்படி வாங்கிப் போட நினைப்பவருக்கும் அது ஆபத்துதான்.

அக்ரிமென்ட்டிலும் இதே அவசரம். முதலில் வந்தவரிடம் சின்ன அட்வான்ஸ் வாங்கி ஒப்பந்தம் பதிவு செய்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்த ஆள் பணம் புரட்ட முடியாமல் காணாமல் போனால், ஒப்பந்தம் வில்லங்கத்தில் நின்றுவிடும். ரத்துப் பத்திரத்துக்கு அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அட்வான்ஸ் கொடுத்தவர் ஒத்துழைக்க ஒரு விலை கேட்பார். சின்ன அட்வான்ஸுக்குப் பெரிய ஒப்பந்தம் போடாதீர்கள். கெடுவை இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

வீட்டில் லீஸுக்கு ஆள் இருந்தால் மொத்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துக் காலி செய்வது யார் பொறுப்பு என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிடுங்கள். பழைய வீட்டு வரி, மின் கட்டணம் எல்லாம் சில்லறை வேலை, ஆனால் ரசீது வேண்டும்.

பணத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வாங்குபவர் தலையில் விழுவதால், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் எழுதி மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு, அதாவது விற்ற உங்களுக்கு. அந்த ரொக்கத்தை ரயிலில் எப்படிக் கொண்டு போவீர்கள் என்று நான் கேட்டால் பலர் பதில் சொல்வதில்லை. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீத டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடிப்பார், அது உங்கள் பான் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். வெளிநாட்டுவாழ் இந்தியராக இருந்தால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு, அதற்குத் தனியாக ஆடிட்டரைப் பாருங்கள்.

2001 ஏப்ரலுக்கு முன்பே குடும்பத்துக்கு வந்த பரம்பரை வீடு என்றால் லாபத்தைக் கணக்கிட 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்தப் பழைய வழிகாட்டி மதிப்பின் நகலைப் பதிவுத்துறையிலிருந்து எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். லாபத்தை வரிவிலக்கு தரும் கடன் பத்திரங்களில் (பாண்டு) போட நினைப்பவர்களுக்குக் கிரயத் தேதியிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். பதிந்த கிரயப் பத்திரம் வாங்கியவர் கைக்குப் போய்விடும் என்பதால், கிளம்புவதற்கு முன் அதன் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.