பேரேட்டில் தெரியும் அதிர்ஷ்டம்

மதுரையில் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஆடிட்டராக இருக்கிறேன். அதிர்ஷ்டம் என்ற சொல் காதில் விழாத நாள் என் அலுவலகத்தில் குறைவு. லாபம் பார்த்தவர் அடக்கமாகச் சொல்வார். நட்டப்பட்டவர் பெருமூச்சோடு சொல்வார். கணக்கைப் புரட்டும் எனக்கோ, அவர் எதைப் பெரிதாக மதிக்கிறார் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது.

ஒரு ஜூலை மாதம், மென்பொருள் நிறுவன ஊழியர் ஒருவர், சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16-ஐயும் பங்குத் தரகு அறிக்கையையும் கொண்டுவந்தார். ஆப்ஷன் வர்த்தகம்: பங்கு விலை ஏறுமா, இறங்குமா என்று கணித்து ஒப்பந்தங்களில் பணம் போடுவது. முதல் வாரத்தில் 38,000 ரூபாய் லாபம். நண்பர்கள் அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். ஆண்டு முடிவில் 6,40,000 ரூபாய் நட்டம். அதில் பாதி, தனிநபர் கடனாக வாங்கிப் போட்டது.

“இந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழித்து வரியைக் குறைக்கலாமா சார்?”

முடியாது. சட்டப்படி இது தொழில் நட்டம். சம்பள வருமானத்தில் கழிக்க வழியில்லை. உரிய தேதிக்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், அடுத்த 8 ஆண்டுகளில் தொழில் லாபம் ஏதும் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

“வீட்டில் தெரியுமா தம்பி?” என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர் அவர் ஒருவர் மட்டுமா? 2021-22 முதல் 2023-24 வரை ஆப்ஷன், அதைப் போன்ற ஃப்யூச்சர்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்ததாக, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொன்னது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் ராசி கெட்டுவிடுமா?

எதற்காக இவ்வளவு வேகம் என்று விசாரித்தேன். ஊரில் அம்மா இருக்கும் ஓட்டு வீடு மழைக்கு ஒழுகுகிறது என்றார். சம்பளத்தில் ஓராண்டு சேர்த்தாலே முடிகிற வேலை அது. அந்த ஆசை அவருடையது. வேகம் மட்டும், நண்பர் வாங்கிய புதுக் காரைப் பார்த்து வந்தது. என்னிடம் வரும் இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

திருமங்கலம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியின் கணக்கும் என்னிடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, அவருக்குச் சரக்கு தரும் கீழமாசி வீதி மொத்த வியாபாரிகள் பணம் வைத்தால்தான் மூட்டையைத் தூக்குவோம் என்று நின்றார்கள். இவருக்கு மட்டும் ஒரு போன் பேச்சில் வண்டி வந்தது. “நல்ல நேரம் சார்” என்றார்.

பேரேட்டைப் பார்த்தேன். வாங்கிய சரக்குக்குப் பணம் கட்டும் 15 நாள் கெடுவை 11 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாண்டவில்லை. பழைய கோப்பில், ஒரே ஒரு மூட்டை துவரம்பருப்புக்குத் தனியாக ஒரு பில் கிடந்தது. ஒருமுறை 20 மூட்டை அனுப்பிய வியாபாரி, 19-க்குத்தான் பில் போட்டிருக்கிறார். அண்ணாச்சியே கூப்பிட்டுச் சொல்லி, விட்டுப்போன மூட்டைக்கும் பில் வாங்கியிருக்கிறார். கடைவீதியில் இதற்கு நாணயம் என்று பெயர். காசுக்கும் அதே பெயர்தான்.

அவருக்கும் ஆசை இருந்தது: பஸ் நிலையத்தை ஒட்டி இரண்டாவது கடை. உறவினர் ஒருவர் வட்டிக்குப் பணம் தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். “அந்த வட்டியைக் கட்ட வேண்டுமென்றால், எடையில் கை வைக்கச் சொல்லும் சார்.” கடை திறக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

நேர்மைக்கு எப்போதும் கூலி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக வியாபாரம் செய்தும், சாலை விரிவாக்கத்தில் கடையை இழந்த ஒருவரின் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன். அவருக்கு நேர்ந்ததற்கு அவரிடம் குறை தேடுவது பாவம்.

ஆனாலும், புதிதாகப் பணம் போடப் போகிறேன் என்று வருபவர்களிடம் இப்போதெல்லாம் ஒரு தாளைக் கொடுத்துவிடுகிறேன். இந்தப் பணம் எதற்கு, எந்த வழியில் வந்தால் வேண்டாம் என்று எழுதச் சொல்கிறேன். முதல் கேள்விக்கு எல்லோரும் சட்டென்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாவதற்குப் பேனா நின்றுவிடுகிறது. எழுதிய தாளை வீட்டில் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறேன். காட்டத் தயங்குபவரின் பணத்தை எதிலும் போட நான் ஆலோசனை சொல்வதில்லை.

அந்த இளைஞர் கடந்த ஜூலையில் மனைவியோடு வந்தார். கடனில் இன்னும் 14 தவணைகள் பாக்கி. தரகுக் கணக்கை மூடிவிட்டாராம். ஊரில் அம்மா வீட்டுக்கு ஓடு மாற்றியாகிவிட்டது என்று மனைவிதான் சொன்னார்.