குதிரை கடன் தரும் நடை

சிங்கம்புணரிப் பக்கத்துப் புரவியெடுப்புத் திருவிழாவில், வேளார்கள் வனைந்து தரும் மண்குதிரைகளை ஊரார் தோளில் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டுசெல்வார்கள். மனிதன் குதிரையைச் சுமக்கும் அந்த வட்டாரத்தில், குதிரை தன் நடையை மனிதனுக்குக் கடன் தரும் என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் மூளைப் பாதிப்பால் உடலசைவும் நிமிர்வும் தடுமாறும் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்குப் பல நாடுகளில் இயன்முறை மருத்துவர்கள் அளிக்கும் குதிரைச் சிகிச்சையின் அடிப்படையே அதுதான்.

சூட்சுமம் இடுப்பில் இருக்கிறது. காரைக்குடி வீடொன்றின் வளவில், ஆத்தங்குடி டைல்ஸ் தரையில், இரு கைகளையும் இடுப்பெலும்பின்மேல் வைத்துக்கொண்டு பத்தடி நடந்து பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதையும், இடவலமாகத் திரும்புவதையும், முன்பின்னாக லேசாகச் சாய்வதையும் விரல்கள் உணரும். குதிரை நிதானமாக நடக்கையில் அதன் பின்னங்கால்கள் மாறி மாறி ஊன்றுவதால் முதுகும் ஏறக்குறைய இதே மூன்று வகையில் அசைந்து, மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பையும் அசைக்கிறது. நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்துக்கொண்டால், 20 நிமிடத்தில் 2000 முறை அக்குழந்தையின் முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் சரிந்த உடலை நிமிர்த்திப் பழகுகின்றன. கால்களை அகட்டி அமர்வதும், சுமார் 38 டிகிரி செல்சியஸ் உள்ள குதிரையின் உடற்சூடும், இறுகிப்போன தொடைத் தசைகளைத் தளர்த்த உதவுகின்றன.

இங்கே குழந்தை கடிவாளம் பிடிப்பதில்லை. ஒருவர் குதிரையை நடத்த, பக்கத்தில் ஆள் துணை வர, மருத்துவரே வேகத்தையும் திருப்பத்தையும் தீர்மானிக்கிறார். சவாரி கற்றுத்தருவது வேறு. 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்ட நிலையிலேயே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். அவர் சவாரி வீராங்கனைதான் என்றாலும், குதிரையைக் கொண்டு சிகிச்சை தரும் துறைமீது உலகின் கவனம் திரும்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

உட்காரும் நிலையிலும் சமநிலையிலும் முன்னேற்றம் தெரிவதாக ஆய்வுகள் சொல்கின்றன; அவற்றுள் பல சிறியவை என்பதால், இதை மற்றப் பயிற்சிகளுக்குத் துணையாகக் கொள்வதே முறை. இடுப்பு மூட்டு விலகியவர்களையும், டவுன் நோய்க்குறி என்னும் பிறவிக் குறைபாட்டால் கழுத்துப் பகுதி முதுகெலும்பு மூட்டு தளர்ந்தவர்களையும் குதிரையில் ஏற்றக் கூடாது.

குதிரையையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்: ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் குதிரை, தன் நொண்டலையும் சேர்த்தே மேலிருப்பவரின் இடுப்புக்குக் கொடுத்துவிடும்.