வீட்டில் அடி உண்டா என்று எச்.ஐ.வி. மையத்தில் ஏன் கேட்கிறார்கள்?

மாத்திரை வாங்கப் போன இடத்தில் கவுன்சிலர் கதவைச் சாத்திவிட்டு, "வீட்டில் அவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா? கை நீட்டுகிறாரா?" என்று கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். தொற்றுக்கு மருந்து வாங்க வந்தவரிடம் குடும்ப விஷயத்தை எதற்குத் துருவுகிறார்கள் என்று தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது. அடிக்கிற ஆளிடம் ஆணுறை போடச் சொல்ல வாய் வராது. டப்பா கலகலத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று மாத்திரைகளை வேறு கவரில் கொட்டி, துணிகளுக்கு அடியில் ஒளித்து, அவர் வெளியே கிளம்பும் நேரம் பார்த்து விழுங்குகிறவர்கள் உண்டு. அவர் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்த வேளை போச்சு. இப்படி அடிக்கடி தவறினால் வைரஸ் அளவு ஏறும். ரிப்போர்ட்டைப் பார்க்கிற டாக்டரோ "ஒழுங்காகச் சாப்பிடுங்கள்" என்று திட்டி அனுப்புவார். திட்டி என்ன பிரயோஜனம்?

சரி, விதி என்ன சொல்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவமனைக்கு வருகிற எல்லாப் பெண்களிடமும் இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. வன்முறையால் வந்திருக்கக்கூடிய, அல்லது வன்முறையால் மோசமாகக்கூடிய பிரச்சினையோடு வருகிறவரிடம் கேளுங்கள் என்கிறது, எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை நடக்கும் இடங்களில் கேட்பதைப் பரிசீலிக்கலாம் என்றும் குறிப்பிடுகிறது. ஆனால் கேட்பதற்கு முன்னால் சில ஏற்பாடுகள் இருக்க வேண்டும்: தனி அறை, பயிற்சி பெற்ற ஆள், எழுதிவைத்த நடைமுறை, ரகசியம் காக்கும் ஏற்பாடு, 'ஆமாம்' என்று சொல்கிறவரை அடுத்து எங்கே அனுப்புவது என்ற தெளிவு. இதெல்லாம் இல்லாமல், வரிசையில் பத்துப் பேர் நிற்க, படிவத்தில் டிக் போடுவதற்காகக் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி.

பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொல்லவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. சொன்னால் முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், உங்களுக்கு என்ன தேவை என்று விசாரிக்க வேண்டும், நம்ப வேண்டும், இன்றைக்கு வீடு திரும்புவது பாதுகாப்பா என்று சேர்ந்து யோசிக்க வேண்டும், உதவி கிடைக்கிற இடத்தோடு இணைத்துவிட வேண்டும். "அவரை விட்டு வந்துவிடு" என்று உத்தரவு போடுவது அவர்கள் வேலை இல்லை. போலீஸுக்குக் கட்டாயமாகத் தகவல் கொடுப்பதையும் அந்த வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை, நீங்கள் விரும்பினால் மட்டும் உதவலாம் என்கிறது. ஆனால் சில நாடுகளின் சட்டம் வேறு மாதிரி இருக்கும், அதனால் வாயைத் திறப்பதற்கு முன்பே "நான் சொல்வதை யாரிடமாவது சொல்லியாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். தயங்காமல் கேட்கலாம்.

இந்தக் கேள்வி உயிர் பிரச்சினையாக மாறும் இடம், பார்ட்னருக்குத் தகவல் சொல்லும் கட்டம். தொற்று உறுதியானவரின் பார்ட்னர்களையும் பரிசோதனைக்கு அழைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது, அதுவும் சம்மதத்தோடு மட்டும். அமெரிக்க அரசு வெளிநாடுகளில் எய்ட்ஸை எதிர்க்க நடத்தும் பெப்ஃபார் திட்டத்தின் நிதியில் நடக்கும் மையங்களுக்கான வழிமுறையில், நீங்கள் பெயர் சொல்லும் ஒவ்வொரு பார்ட்னரைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: மிரட்டியிருக்கிறாரா, அடித்திருக்கிறாரா, உறவுக்குக் கட்டாயப்படுத்தியிருக்கிறாரா. ஆமாம் என்றால், அவரைத் தொடர்புகொள்ளாமலே விட்டுவிடுவதும் ஒரு வழிதான். இந்தியாவில் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதையே சட்டமாக்கி வைத்திருக்கிறது: தொற்று இருப்பதைச் சொன்னால் தொற்றுள்ள பெண்ணுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ அடி விழும், அல்லது கைவிடப்படுவாள் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், டாக்டரோ கவுன்சிலரோ அவளுடைய பார்ட்னரிடம் சொல்லக் கூடாது.

கேட்பதால் பலன் உண்டா என்றால், உகாண்டாவின் ராக்கை பகுதியில் செய்து பார்த்து, முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். வன்முறையும் குறைந்தது, புதிய தொற்றும் குறைந்தது. ஆனால் அங்கே கேள்வி மட்டும் கேட்கவில்லை, ஊர் ஊராக வன்முறைக்கு எதிரான வேலையும் சேர்ந்தே நடந்தது, ஆகவே பெருமை முழுவதையும் கேள்விக்கே கொடுத்துவிட முடியாது.

அப்புறம், அவர் எப்போதும் கூடவே வருகிறார் என்றால், "தனியாகப் பரிசோதிக்க வேண்டும்" என்று சொல்லி உங்களை மட்டும் உள்ளே கூப்பிடும்படி நர்ஸிடம் காதோடு கேளுங்கள். உதவி விவரம் உள்ள துண்டுப் பிரசுரம் பெண்கள் கழிப்பறையில் இருந்தால் அங்கேயே படித்துவிடுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போவது ஆபத்தாகலாம். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் திடீரென்று உள்ளே நுழைந்தால், கவுன்சிலர் பேச்சைச் சட்டென்று மாத்திரைக்கு மாற்றிவிடுவார். நீங்களும் அப்படியே தொடருங்கள்.