தெள்ளுப்பூச்சியைக் கொல்லும் மருந்து நாயை ஏன் கொல்வதில்லை?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் நாய்க்கு 9 கிலோ எடை, உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. கடையில் கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மாத்திரை, குளிப்பாட்டும் மருந்து என்று மூன்றைக் காட்டுகிறார்கள். பூச்சியைக் கொல்லும் விஷம் நாயை ஒன்றும் செய்யாதா? வீட்டில் பூனையும் இருக்கிறது.”

அவர் கடைசியாகச் சொன்ன பூனைதான் இதில் மிக முக்கியமான தகவல். அதற்கு வருவதற்கு முன், நாயின் மேல் இருப்பது தெள்ளுதானா என்று பார்த்துவிட வேண்டும். உண்ணியையும் தெள்ளையும் பொதுவாகப் ‘பூச்சி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்கும் என்று இல்லை. இமிடாகுளோபிரிட் மட்டும் உள்ள சொட்டு மருந்து தெள்ளை ஒழிக்கும், உண்ணியை ஒன்றும் செய்யாது. உண்ணி தோலில் வாயைப் பதித்து ஒட்டிக்கொண்டிருக்கும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, செம்பழுப்பாக, முடிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணில் படவில்லை என்றால் வால் தொடங்கும் இடத்துக்கு மேலே பேன் சீப்பால் நன்றாக வாருங்கள். சீப்பில் வருவதை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். கருந்துகள்கள் கொஞ்ச நேரத்தில் கரைந்து செம்பழுப்பாகப் படர்ந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது பாதி செரித்த நாயின் ரத்தம். மண் துகளாக இருந்தால் அப்படிப் படராது.

இனி மருந்துக்கு வருவோம். தெள்ளு மருந்துகளில் பெரும்பாலானவை நரம்பைத் தாக்குபவை. நரம்பு செல்லின் சவ்வில் அயனிகள் போய்வரும் வாயில்கள் இருப்பது பள்ளியில் படித்ததுதான். சோடியம் உள்ளே பாய்ந்தால் நரம்பு துடிக்கும், குளோரைடு உள்ளே வந்தால் அடங்கும். சொட்டு மருந்துகளில் இருக்கும் ஃபிப்ரோனில் என்ற பொருள் அந்தக் குளோரைடு வாயிலை அடைத்துவிடுகிறது. அடங்க வழியில்லாமல் துடித்தே பூச்சி சாகிறது. பூச்சியின் குளோரைடு வாயில்களில் ஃபிப்ரோனில் இறுக்கமாகப் பொருந்தும், பாலூட்டிகளின் வாயில்களில் அவ்வளவு பொருந்தாது. போதாததற்கு, குளுட்டமேட்டால் திறக்கும் ஒருவகைக் குளோரைடு வாயில் பூச்சிகளுக்கு உண்டு, முதுகெலும்பு உள்ள எந்த விலங்குக்கும் கிடையாது. நாய் தப்பிப்பது இந்த வித்தியாசத்தால்தான். ஆனால் நம் வாயில்களிலும் அது கொஞ்சம் பொருந்தத்தான் செய்யும் என்பதால் எடைக்கு மீறி ஊற்றினால் அந்தப் பாதுகாப்பும் குறையும். முயலுக்கு ஃபிப்ரோனில் ஆபத்து, வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நாய்களுக்கான வேறு சில சொட்டு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் வேறு வழியில் போகிறது. சோடியம் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நாயின் கல்லீரல் அதைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதிகளில் முக்கியமான ஒன்று வேலை செய்வதில்லை. நாய்களுக்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்துகளில் 45 சதவீதமும் அதற்கு மேலும் மருந்து இருக்கும். அதாவது 1 மி.லி.யில் 450 மி.கிராம். 4 கிலோ பூனைக்கு வலிப்பு வந்து உயிர் போக இது போதும். பூனையின் மேல் நேராக ஊற்றத் தேவையில்லை. மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலோ, நாயின் முதுகை நக்கினாலோகூட நேரலாம். ஆகவே பூனை உள்ள வீட்டில் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் படித்து, பெர்மெத்ரின் என்ற பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபிப்ரோனிலோடு பெர்மெத்ரினும் கலந்த மருந்துகள் உண்டு என்பதால் முதல் பெயரோடு நிறுத்தாமல் எல்லாப் பெயர்களையும் படிக்க வேண்டும்.

சொட்டு மருந்து டப்பாக்களில் ஃபிப்ரோனிலுக்குப் பக்கத்தில் எஸ்-மெத்தோபிரீன் என்று இன்னொரு பெயர் சிலவற்றில் இருக்கும். கடைக்காரரும் அதைப் பற்றிச் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. தெள்ளு மருந்துகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

தெள்ளின் குஞ்சு, கால் இல்லாத, கண் இல்லாத ஒரு வெண்புழு. அது நாயின் மேல் வாழ்வதில்லை. பாய்க்கு அடியிலும் சுவர் மூலையிலும் இருந்துகொண்டு, தாய்ப் பூச்சி போட்ட ரத்தக் கழிவைத் தின்று வளர்கிறது. ஈரத்துணியில் நீங்கள் பார்த்த கருந்துகள்கள்தான் அதன் சாப்பாடு. மூன்று பருவங்களாகத் தோலுரித்து வளர்ந்து, பிறகு கூடு கட்டுகிறது. தோலுரி என்று ஆணையிடுவது எக்டைசோன் என்ற ஹார்மோன். ஆனால் தோலுரித்து இன்னொரு புழுவாவதா, கூட்டுப்புழுவாவதா என்பதை முடிவு செய்வது இளமை ஹார்மோன் என்ற வேறொன்று. இளமை ஹார்மோன் உடம்பில் இருக்கும்வரை, எக்டைசோன் வரும்போதெல்லாம் புழு மறுபடி புழுவாகத்தான் தோலுரிக்கும். கடைசிப் பருவத்தில் அதைச் சுரக்கும் சுரப்பி அடங்குகிறது. அதற்குப் பின் வரும் எக்டைசோன்தான் புழுவைக் கூட்டுப்புழுவாக மாற்றுகிறது. பூச்சி பெரிதாவதற்கென்று தனி உத்தரவு எதுவும் இல்லை, ‘பெரிதாகாதே’ என்ற உத்தரவு நின்றால் போதும். பேரனுக்குக் கல்யாண வயது வந்த பிறகும் “அவன் குழந்தை” என்றே சொல்லும் பாட்டியைப் போன்றது மெத்தோபிரீன். சுரப்பி அடங்கிய பிறகும் இளமை ஹார்மோனின் வேடத்தில் அது அங்கேயே நிற்கிறது. புழு கூட்டுப்புழுவாக முடியாமல் சாகிறது. முட்டையில் பட்டால் உள்ளே ஊடுருவி, கரு வளர்ச்சியை நடுவழியில் நிறுத்திவிடுகிறது. வளர்ந்த பூச்சி அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டதால் அதைக் கொல்லாது. ஃபிப்ரோனிலோடு சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

நாய்க்கோ நமக்கோ இளமை ஹார்மோனே கிடையாது. குடிநீர்த் தொட்டியில் கொசுப்புழு வராமல் இருக்க, அளவோடு சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிசீலித்து ஏற்ற மருந்துகளில் மெத்தோபிரீனும் ஒன்று.

இந்த வழி திறந்த கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. 1960-களின் நடுவில் கரேல் ஸ்லாமா என்ற செக் விஞ்ஞானி, பிராகில் தான் வளர்த்துவந்த சிவப்பு நாவாய்ப்பூச்சிகளை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு, கரோல் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். நம் பருத்திக் காயில் மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சியின் குடும்பம்தான். பிராகில் ஒழுங்காக வளர்ந்த அவை ஹார்வர்டில் பெரிதாகவே இல்லை. ஐந்தாம் பருவத்துக்குப் பின் முதிர்ச்சி அடைய வேண்டியவை ஆறாவது முறையும் குஞ்சாகவே தோலுரித்துவிட்டுச் செத்தன. உணவு, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் கண்ணாடித் தட்டில் விரித்திருந்த காகிதத் துண்டுதான் காரணம் என்று தெரிந்தது. அமெரிக்கச் செய்தித்தாள்களை வெட்டிப் போட்டாலும் அதே விளைவு. லண்டன் டைம்ஸ் தாளை விரித்தால் பூச்சிகள் ஒழுங்காக வளர்ந்தன. அமெரிக்கக் காகிதம் பால்சம் ஃபிர் என்ற மரத்தின் கூழிலிருந்து வந்தது. தன்னைத் தின்ன வரும் பூச்சி வளராமல் இருக்க, இளமை ஹார்மோனைப் போன்ற ஒரு பொருளை அந்த மரமே செய்து வைத்திருந்தது. 1966-இல் அதைப் பிரித்தெடுத்து ஜுவாபியோன் என்று பெயரிட்டார்கள். ஹார்மோனையே பூச்சிமருந்தாக்கலாம் என்று வில்லியம்ஸ் முன்பே சொல்லிவந்ததற்கு இது வலுவான சான்றாயிற்று. 1970-களில் மெத்தோபிரீன் சந்தைக்கு வந்தது.

நாவாய்ப்பூச்சி ஏன் பெரிதாகவில்லை என்று பார்க்கப் பணம் வேண்டும் என்று விண்ணப்பித்தால், ‘இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்’ என்று கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுவது? இந்தியாவில் ஆராய்ச்சிக்கு ஆகும் மொத்தச் செலவு நாட்டின் உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இருப்பதையும் உடனடிப் பயன் காட்டுபவர்களுக்கே கொடுப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். காகிதத் துண்டில் செத்த பூச்சியைத் தூக்கி எறியாமல் ஆராய நேரமும் பணமும் இருந்ததால்தான் இந்த மருந்து வந்தது.

சரி, மருந்து போட்டாயிற்று. பத்து நாள் கழித்து மறுபடியும் தெள்ளு. இங்கேதான் ஆபத்தான தவறு நடக்கிறது. மருந்து போலி என்று நினைத்து, இன்னொன்றை வாங்கி அதன் மேலேயே ஊற்றுகிறார்கள். உண்மையில் வீட்டில் உள்ள தெள்ளுக் கூட்டத்தில் நாயின் மேல் இருப்பது சுமார் 5 சதவீதம்தான். மீதி எல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைக்கு மேல் இடும். முட்டை ஒட்டும் தன்மை இல்லாதது, நாய் படுத்து எழும் இடமெல்லாம் உதிரும். கூட்டுப்புழு, பட்டு இழையாலான கூட்டின் மேல் தூசியை ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறது, வீட்டில் தெளிக்கும் மருந்து அதற்குள் போவதில்லை. ஆள் நடக்கும் அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு இவை பட்டால்தான் வெளியே வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் தெள்ளு ஏறுவது இதனால்தான். ஆக, புதிதாகத் தெரிபவை பழைய கூடுகளிலிருந்து வருபவை. அவை நாயின் மேல் ஏறி, அங்கிருக்கும் மருந்திலேயே சாகும். இரண்டு மூன்று மாதம், தவணை தவறாமல், அதே மருந்தைத் தொடர்வதுதான் வழி.

அந்த மாதங்களில் நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் புழு காய்ந்து செத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெள்ளு பெருகுவதும் அதனால்தான். வாக்குவம் கிளீனர் இருந்தால் சோபாவுக்கு அடியிலும் சுவர் ஓரத்திலும் இழுங்கள். அந்த அதிர்வே கூட்டில் இருப்பவற்றை வெளியே கிளப்பிவிடும்.

சொட்டு மருந்தை அளக்கும் கணக்கு எளிது. 10 சதவீத ஃபிப்ரோனில் என்றால் 10 கிலோ வரை 0.67 மி.லி., 20 கிலோ வரை 1.34, 40 கிலோ வரை 2.68, 60 கிலோ வரை 4.02. வாசகியின் நாய்க்கு 0.67 மி.லி. குழாய். காசு மிச்சமாகும் என்று பெரிய குழாயை வாங்கி நான்கு நாய்களுக்குக் கண்ணளவில் பங்கிடாதீர்கள். இரு தோள்பட்டைக்கு நடுவே, நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோல் தெரிந்த பிறகு விட வேண்டும். முடியின் மேல் விட்டால் வீண். மருந்து தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து உடம்பெங்கும் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. போடுவதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டக்கூடாது. முன்னால் குளிப்பாட்டினால் எண்ணெய்ப் பசை இருக்காது, பின்னால் குளிப்பாட்டினால் மருந்தே இருக்காது. குளத்திலும் வாய்க்காலிலும் இறங்கவிடாதீர்கள். இங்கிலாந்தின் 20 ஆறுகளின் நீரை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான மாதிரிகளில் ஃபிப்ரோனில் இருந்தது. நீர்ப்பூச்சிகளுக்கு அது நஞ்சு.

மாத்திரைகளில் அஃபாக்சோலேனர், சாரோலேனர் மாதம் ஒருமுறை, ஃப்ளுராலேனர் 12 வாரத்துக்கு ஒருமுறை. ரத்தத்தில் கலந்திருக்கும், கடித்த தெள்ளு சாகும், உண்ணியும் சாகும். தோலில் மருந்தே படாததால் பூனை உள்ள வீட்டுக்கு வசதி. ஆனால் இவையும் குளோரைடு வாயிலைத்தான் தொடுகின்றன. சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. முன்பு வலிப்பு வந்த நாயாக இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. முதல்முறை கொடுக்கும்போது மாத மாத்திரையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பேன், 12 வார மருந்து உள்ளே போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. ஃப்ளுராலேனரைச் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. 8 வாரம் ஆகாத குட்டிக்கு மாத்திரை வேண்டாம். பேன் சீப்பால் வாரி, வருவதைச் சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் முதல் வைத்தியம்.

தொடவே கூடாதவையும் உண்டு. நெல் வயலில் தண்டுத் துளைப்பானுக்கு அடிப்பதும் ஃபிப்ரோனில்தானே என்று அதைக் கலக்கி நாய்க்குப் பூசுகிறார்கள். செறிவு வேறு, கரைப்பான் வேறு, நாய் நக்கினால் என்னாகும் என்று யாரும் சோதித்த மருந்து அல்ல அது. மாட்டு உண்ணிக்கான அமிட்ராஸ் 12.5 சதவீதத்தைக் கலக்காமல் தேய்த்தால் நாய் மயங்கும், இதயத் துடிப்பு குறையும். ஐவர்மெக்டின் ஊசி தெள்ளுக்குச் சரியான மருந்தே அல்ல. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு, மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் புரதத்தில் பிறவிக் குறை உண்டு, அவற்றுக்கு அது உயிராபத்து.

‘இயற்கை வைத்தியம்’ என்று பரவும் செய்திகள்தான் என்னை மிகவும் வருத்துகின்றன. பூண்டு நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கற்பூரம் வலிப்பை வரவழைக்கும். மண்ணெண்ணெய் தோலை வெந்துபோகச் செய்வதோடு, நக்கும்போது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது, ஆய்வகத்தில் செய்தது என்பதால் கொடியதாகிவிடாது. இந்தச் செய்திகளை அனுப்புகிறவர்கள் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக்கூட எழுதுவதில்லை.

தவறு நடந்துவிட்டால்: சொட்டு மருந்து பூனை மேல் பட்டாலோ, நாய்க்கு அளவு மீறினாலோ, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து உடனே கழுவுங்கள், துடைத்துப் போர்த்திவிடுங்கள். சுடுநீர் வேண்டாம், தோல் வழியே இன்னும் உறிஞ்சப்படும். மண்ணெண்ணெயை நக்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நடுக்கமோ மயக்கமோ தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். போகும்போது மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அமிட்ராஸுக்கு மாற்று மருந்து உண்டு, பெர்மெத்ரினுக்குத் தனி மாற்று மருந்து இல்லை, நடுக்கத்தை அடக்கும் ஊசிதான். எது உடம்பில் போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியானதை எடுக்க முடியும்.