அறுபது ஆண்டுக் கணக்கு

பழைய நூலை மறுபதிப்புச் செய்யவோ மின்னூலாக்கவோ நினைப்பவர் முதலில் போடவேண்டியது பதிப்புரிமைக் கணக்கு. இந்தியாவில் அந்த உரிமை ஆசிரியரின் ஆயுளும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும். இறந்த தேதியிலிருந்து எண்ணுவதுதான் வழக்கமான பிழை. அடுத்து வரும் ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்தே எண்ணவேண்டும். காந்தி மறைந்தது 1948 ஜனவரி 30. அவர் எழுத்துகளின் உரிமை முடிந்தது 2008 டிசம்பர் 31.

1957-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தந்தது 50 ஆண்டுகள்தான். 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 1991 டிசம்பர் 31 நள்ளிரவோடு எல்லோருக்கும் பொதுவாகியிருக்கும். அவற்றின் உரிமை அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. கெடு முடிய மூன்று நாள் இருக்கையில், டிசம்பர் 28 முதல், அவசரச் சட்டத்தால் 50 என்பது 60 ஆனது. 1992-இல் நாடாளுமன்றம் அதை உறுதிசெய்தது. தாகூருக்காகக் கூட்டிய பத்தாண்டு நாட்டின் எல்லா ஆசிரியர்களுக்கும் சேர்ந்தது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை கேட்பதோ 50 மட்டுமே. விற்பனையில் நீடிக்கும் சில நூல்களுக்காக, அச்சில் இல்லாத ஏராளமான நூல்களும் பத்தாண்டு கூடுதலாக முடங்கின. இது நியாயமான விலை அல்ல. ஏற்கெனவே காலாவதியான உரிமைகளுக்கு இந்த நீட்டிப்பு உயிர் கொடுக்கவில்லை. எனவே 1940-இலோ அதற்கு முன்போ மறைந்தவர்கள் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களுக்குப் பழைய 50 ஆண்டே கணக்கு.

தமிழ்நாட்டில் காத்திருக்காமல் தாண்ட ஒரு வழி உண்டு: நாட்டுடைமை. அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்குகிறது. பாரதி படைப்புகளின் உரிமையை 1949-இல் சென்னை அரசு வாங்கியது இதன் தொடக்கம்.

மூலம் பொதுவாகிவிட்டாலும் மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு. மொழிபெயர்ப்பாளர் இறந்த ஆண்டை வைத்து அதற்கு வேறு கணக்கு. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால், கடைசியாக இறந்தவரை வைத்து எண்ணவேண்டும். ஆசிரியர் மறைந்தபின் முதன்முதலாக வெளியாகும் கதைக்கு வெளியீட்டு ஆண்டே அடிப்படை. ஒளிப்படத்துக்கும் முன்பு அப்படித்தான். 2012 திருத்தத்துக்குப் பின் படமெடுத்தவரின் ஆயுளும் 60 ஆண்டுகளும்.

அதிகம் தடுமாற வைப்பது பழைய திரைப்பாட்டு. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என மூன்று உரிமைகள் அதில் உள்ளன. 1935-இல் வெளிவந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பாடலாசிரியர் 1970-இல் இறந்திருந்தால் வரிகளின் உரிமை 2030 டிசம்பர் 31 வரை உண்டு. அந்த உரிமை தயாரிப்பாளர் கையில் இருந்தாலும், எண்ணவேண்டியது பாடலாசிரியர் இறந்த ஆண்டிலிருந்துதான்.