நிழல் தெற்கே விழும் மாதங்கள்

கொழும்பில் பருவமா? வெயில் ஒன்று, மழை இன்னொன்று, அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வெப்பமானியை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வதில் பிழையில்லை. மாதச் சராசரியில், மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ்தான் வித்தியாசம். பகலின் நீளமும் பெரிதாக மாறுவதில்லை. ஜூன் கடைசியில் 12 மணி 31 நிமிடம், டிசம்பர் கடைசியில் 11 மணி 43 நிமிடம். ஆனால் பருவத்தை வெப்பமானியில் தேடுவது குளிர்நாட்டுப் பழக்கம். இங்கே அதை நிழலிலும் காற்றிலும் தேட வேண்டும்.

முதலில் நிழல். பூமியின் அச்சு 23.4 பாகை சரிந்திருப்பதால், உச்சிச் சூரியன் கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் இடையே வருடம் முழுவதும் போய்வருகிறது. கொழும்பு இருப்பது வடக்கே 6.9 பாகை அகலாங்கில். ஆகவே வடக்கே போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும். ஏப்ரல் 7ஐ ஒட்டி ஒன்று, செப்டெம்பர் 5ஐ ஒட்டி மற்றது. வானிலைச் செய்தியில் ‘சூரியன் உச்சம் கொடுக்கிறது’ என்கிறார்களே, அது இதுதான். ஏப்ரலில் அந்த நாளில் மதியம் 12.12 அளவில் ஒரு போத்தலை வெயிலில் நிமிர்த்தி வையுங்கள், நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். சரியாகப் 12 மணிக்கு ஏன் இல்லை? நம் கடிகாரம் கிழக்கு 82.5 பாகை நெட்டாங்கை வைத்து ஓடுகிறது, கொழும்போ அதற்கு மேற்கே 79.9இல் இருக்கிறது. அந்த இடைவெளியைக் கடக்கச் சூரியனுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும்.

இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஐந்து மாதங்களில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் தலைகீழ். வெள்ளவத்தையில் தொடர்மாடியில் வடக்குப் பார்த்த பல்கனி உள்ளவர்கள் கவனித்திருப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் எட்டிப் பார்க்காத வெயில், மே மாதத்தில் காலையும் மாலையும் சரிந்து உள்ளே வந்து துளசிச் சட்டியைச் சுடும்.

சூரியன் மறையும் இடமும் இப்படி நகர்கிறது. கடற்கரையில் நின்று பார்த்தால் ஜூனில் நேர் மேற்கிலிருந்து 23.6 பாகை வடக்கே தள்ளி இறங்கும். காலிமுகத்திடலில் என்றால் துறைமுக நகரத்தின் பக்கமாக. டிசம்பரில் அதே அளவு தெற்கே. மொத்தம் 47 பாகை. கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை, அதாவது கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி தூரம். இதில் எனக்குப் பிடித்தது நகரும் வேகம். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் ஒரு நாளைக்கு 0.4 பாகை, ஏறக்குறைய சூரியனின் சொந்த அகலமே, தள்ளித் தள்ளிப் போகும். ஒரு வாரம் விட்டுப் பார்த்தாலே தெரியும். ஜூன் கடைசியில் பல நாட்கள் அசையாமல் நிற்பது போலிருக்கும்.

இன்னொன்று: கொழும்பில் சூரியன் மிக முந்தி மறைவது டிசம்பரில் இல்லை, நவம்பர் நடுவில், மாலை 5.49 அளவில். பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சின் சரிவும் சேர்ந்து உச்சிப்பொழுதையே சில நிமிடம் முன்னும் பின்னும் இழுப்பதால் வரும் வினை.

சரி, காற்றுக்கு வருவோம். சூரியன் எங்கே உச்சம் கொடுக்கிறதோ அதைச் சற்றுப் பிந்தித் தொடர்ந்து, இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்திக்கும் பட்டையும் வடக்கே தெற்கே நகரும். அதற்கு அயன இடை ஒருங்கல் வலயம் என்று பெயர். அது வடக்கே போய்விட்டால், தெற்கிலிருந்து வரும் காற்று பூமத்திய ரேகையைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசும். யாழ்ப்பாணத்து மூத்தவர்கள் சோளகம் என்பது இந்தக் காற்றைத்தான். மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளவத்தைக் கடல் கலங்கிக் குமுறும், கரையோர வீட்டு ஜன்னல்களில் உப்புப் படியும். மழை இரவு பகல் பாராமல் வரும், ஆனால் இடி குறைவு. டிசம்பரில் வாடை வடகிழக்கிலிருந்து வரும்போது மலைநாடு குறுக்கே நின்று மழையைக் கிழக்குப் பக்கம் வாங்கிக்கொள்ளும். நமக்கு வந்து சேர்வது உலர்ந்த காற்றும் அமைதியான கடலும் இதமான விடியலும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பெருங்காற்று எதுவும் ஆளுவதில்லை. அப்போது நிலத்துக்கும் கடலுக்கும்தான் போட்டி. காலை வெயிலில் நிலம் விரைவாகச் சூடேற, கடற்காற்று ஈரத்தோடு உள்ளே நுழையும். உள்நாட்டில் அது மேலெழுந்து மேகமாகிக் குவிந்து, பிற்பகலில் இடியோடு கொட்டும். கொழும்புக்கு அதிக மழை தரும் மாதங்களில் ஒக்டோபரும் நவம்பரும் அடங்கும். ஆகவே பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாள்தோறும் இடி கேட்கிறதென்றால் நாட்காட்டி பார்க்காமலே மாதத்தை ஊகிக்கலாம்.

ஒக்டோபரில் வட இந்தியப் பக்கமிருந்து ஆறுமணிக்குருவியும் வந்துவிடும். முதுகு பச்சை, கண்ணில் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. இரவில் பறந்து வருவதால் சில வேளை விடியற்காலையில் யாராவது வீட்டு விறாந்தையில் களைத்துக் கிடக்கும். கண்டால் காற்றுப் போகும் இருட்டான பெட்டியில் சிறிது நேரம் ஓய்வெடுக்க விட்டு, தெளிந்ததும் ஒரு புதரடியில் விடுங்கள், போதும்.

அப்புறம் தெருவோர வாதுமை மரம். நம்மூரில் இலையுதிர்காலம் காட்ட இதைவிட நல்ல மரம் இல்லை. இலையை உதிர்க்குமுன் மரம் அதிலுள்ள பச்சையத்தை உடைத்து நைதரசன் போன்ற சத்துகளைக் கிளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை விலக, முன்பே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, அந்தோசயனின் என்ற நிறமியை இலை சாகும் தறுவாயில் புதிதாகத் தயாரிக்கிறது. சத்தை மீட்டு முடியும்வரை கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கவே இந்தச் செலவு என்பது பலர் ஏற்கும் விளக்கம். உதிர்ந்த பிறகும் அதற்கு வேலை உண்டு, சண்டை மீன் வளர்ப்பவர்கள் காய்ந்த இலையைத் தொட்டியில் போடுவார்கள். அதிலிருந்து கசியும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும்.

குளிர்நாடுகளில் குளிரும் குறுகும் பகலும் இலையுதிர் மரங்களையெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் உதிர்க்க வைக்கும். இங்கே அப்படி விரட்ட ஒன்றுமில்லை. வாதுமை பெரும்பாலும் வருடத்தில் இரண்டு தடவை உதிர்க்கும், அதையும் ஒவ்வொரு மரமும் தன் கணக்கில். ஒரே ஒழுங்கையில் ஒன்று செம்பாகச் சிவந்திருக்க, பக்கத்து மரம் இளம்பச்சையாகத் துளிர்த்து நிற்பதற்குக் காரணம் அதுதான்.